எருதுமுதுகு மலையில் பத்து நிமிடம்

வொன்ஜு
அக்டோபர் 27, திங்கள்

பெருமதிப்பிற்குரிய பியோ இன்மோ அவர்களின் சமூகத்திற்கு,

வொன்ஜுவிலிருந்து தாக் மான்சிக் தலை தாழ்த்தி எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும், என் வலது முழங்கால் நீங்கலாக, சௌக்கியம். சுன்சோனில் தாங்களும் தங்கள் துணைவியாரும், அம்மையாரின் இடது கால் பெருவிரல் நகம் நீங்கலாக, சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். நகத்தைப் பற்றி முதல் வரியிலேயே விசாரிப்பது மரியாதையா, விசாரிக்காமல் விடுவது மரியாதையா என்று தெரியாமல் நேற்று மட்டும் நாலு தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறேன். தங்களைச் சம்பந்தி என்று அழைக்கலாமா என்பதும் தெரியவில்லை. போன வாரம் வரை அழைத்திருக்கலாம். இன்றைய நிலவரத்தில் அந்தச் சொல்லைப் பென்சிலால் எழுதிக்கொண்டு போகிறேன். தாங்கள் சம்மதித்தால் பிறகு மேலே மை போட்டுக்கொள்ளலாம்.

இதையெல்லாம் போனில் பேசலாமே என்று தோன்றும். சம்பந்தி வீட்டாரோடு பிள்ளைகள் வழியாகத்தான் பேசுவது நம் பக்கத்து வழக்கம், ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளை எட்டு நாளாக என்னோடு பேசவில்லை. செல்போனில் செய்தி அனுப்பவோ எனக்குத் தைரியம் இல்லை. அறுவடைத் திருநாளுக்குத் தாங்கள் அவ்வளவு பண்பாக வாழ்த்து அனுப்பியபோது, கும்பிடுகிற பொம்மை என்று நினைத்து நான் பதிலுக்கு அனுப்பியது, தரையில் புரண்டு சிரிக்கிற நாய்க்குட்டி என்று ஒரு வாரம் கழித்துத்தான் என் மனைவி சொன்னாள். அதற்கும் இந்தக் கடிதத்திலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பத்தொன்பதாம் தேதி ஓட்டலில் இரண்டு வீட்டாரும் முதன்முதலாகச் சந்தித்து, என் மகன் உன்ஜேவுக்கும் தங்கள் மகள் நாகியோங்குக்கும் கல்யாணத் தேதி குறிப்பதாக இருந்தது. என் மனைவி நாள் பார்த்து மூன்று தேதிகளைச் சிவப்புத் தாளில் எழுதி, கைப்பையில் வைத்திருந்தாள். அந்தத் தாள் இன்னும் அந்தப் பையிலேயே இருக்கிறது. ஏனென்றால் தாங்கள் சாப்பாட்டின் நடுவே அம்மையாரின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அவசரம் ஒண்ணும் இல்லீங்க, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டீர்கள். அடுத்த வருஷம் என்றால் எந்த மாதம் என்று என் மனைவி கேட்க, தாங்கள் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தீர்கள். ஒரு கல்யாணம் கோப்பைக்குள் விழுந்தது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அது எதனால் விழுந்தது என்பதும் எனக்குத் தெரியும். பதினொன்றாம் தேதி சனிக்கிழமை எருதுமுதுகு மலையில் யாரோ ஒரு மனிதன் அம்மையாரிடம் சொன்ன ஒரு வார்த்தையால்தான். அந்த மனிதன் யார், என்ன சூழ்நிலையில் சொன்னான் என்பதை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். தாங்கள் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் அளந்து பார்க்காமல் முடிவு செய்யமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அன்று மலைக்குப் போனது மூன்று பேர். நான், மா துக்போ, கூ தல்சு. துக்போ எங்கள் சந்தைத் தெருவில் முப்பது வருடம் முடிதிருத்தும் கடை நடத்தியவன். தல்சு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்தவர். எங்களைவிட எட்டு மாதம் மூத்தவர், அதனால் 'அண்ணே' என்று கூப்பிடாவிட்டால் காது கேட்காது. மாதம் ஒரு சனிக்கிழமை மூவரும் மலை ஏறுவோம். மூவருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு நிற மலைச்சட்டை. கடையை மூடப்போகிறார்கள் என்று போட்ட தள்ளுபடியில் ஒரே அளவில் மூன்றுதான் மிஞ்சியிருந்தது, எடுத்துக்கொண்டோம். அதோடு வெயிலுக்குத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்கு வரைக்கும் துணி, கைக்கு உறை. இவ்வளவும் மாட்டிக்கொண்டு நின்றால் பெற்ற தாய்க்கே பிள்ளை எது என்று தெரியாது. இந்தக் கடிதத்துக்கு ஆதாரமே இந்தச் சட்டைதான் என்பதால் தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளவும். எண்ணூறு மீட்டர் மலைக்கு இரண்டு ஊன்றுகோல், பனியில் வழுக்காமல் காலணியில் மாட்டும் முள், கயிறு எல்லாம் எடுத்துக்கொண்டு நான் கிளம்புவதைப் பார்த்து என் மனைவி, எவரெஸ்டுக்குப் போகிறவன்கூட இதில் பாதியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவான் என்றாள். அவள் சொன்னது சரி. கயிறு எதற்கு என்று எனக்கே தெரியாது.

ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் கால அட்டவணைப் பிரிவில் இருந்தவன் நான். அரை நிமிடம் தவறினாலும் விளக்கக் கடிதம் எழுத வைத்தவன். அந்தப் பழக்கத்தில் மலைக்கும் ஒரு அட்டவணை தயாரித்திருந்தேன்: ஏழு பன்னிரண்டுக்குப் பேருந்து, எட்டு ஐந்துக்கு அடிவாரம், பதினொன்று இருபதுக்கு உச்சி. தல்சு அண்ணன் அடுப்பில் முட்டையை வேகவைத்துவிட்டு மறந்து வந்தது பேருந்து நிறுத்தத்தில்தான் அவருக்கு நினைவு வந்தது. திரும்பி ஓடினார். முட்டை வந்தது, பேருந்து போய்விட்டது. நான் அட்டவணையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் முட்டையை உரித்துக்கொண்டே, "மான்சிக், ரயிலுக்குத்தான்டா அட்டவணை. மலை எங்கயும் போயிடாது" என்றார். எட்டு மாதம் மூத்தவராயிற்றே, அட்டவணையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மலையில் ஏற ஆரம்பித்ததும் துக்போ முதுகுப்பையில் தொங்கிய வானொலி பாட ஆரம்பித்தது. அதைத் தணிக்கிற திருகு போன வருடமே உடைந்துவிட்டது. வழியில் இருக்கும் சின்ன புத்த மடத்துக்குப் பக்கத்தில், காதலன் துறைமுகத்தில் விட்டுவிட்டுப் போனதை ஒரு பெண்மணி நெஞ்சு வெடிக்கப் பாடிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து பிக்கு ஒருவர் துடைப்பத்தோடு வெளியே வந்தார். எங்களைப் பார்த்துக்கொண்டே ஒரே இடத்தைப் பெருக்கினார். துக்போ அவசரத்தில் வானொலியைத் துண்டில் சுற்றி, கிம்பாப் வைத்திருந்த பெட்டிக்குள் திணித்து மூடினான். அதன் பிறகு ஒரு மணி நேரம் எங்கள் மதியச் சாப்பாடு பாடிக்கொண்டே வந்தது. திறந்து பார்த்தபோது சோற்றுச் சுருள் எல்லாம் அவிழ்ந்து, கடற்பாசித் தாள் வானொலிமேல் ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்து எடுத்துச் சாப்பிட்டோம்.

அதற்குள் தல்சு அண்ணனின் வலது காலணி வாயைப் பிளந்தது. அடி அட்டை தனியாகத் தொங்க, நடக்கும்போதெல்லாம் தட், தட் என்று கைதட்டிக்கொண்டு வந்தது. கட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. (என் கயிறு கட்டைவிரல் தடிமன், அது காலணியைவிடப் பெரிய முடிச்சு போடும்.) பக்கத்தில் ஒரு மரக்கிளையில், மலையேறுகிற சங்கத்தார் வழி தெரிவதற்காகத் தங்கள் சங்கத்துப் பெயரை அச்சடித்துக் கட்டிவிட்டுப் போகும் நாடா ஒன்று, மஞ்சள் நிறத்தில், ஆடிக்கொண்டிருந்தது. செய்யக்கூடாதுதான். துக்போ அவிழ்த்தான், நான் கட்டினேன், தல்சு அண்ணன் காலை நீட்டினார். பாவத்தில் மூவருக்கும் சமபங்கு. கால் மணி நேரம் கழித்து மேலே தட்டைப் பாறையில் விருந்து வைத்துக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பெண்கள், எங்களையும் வந்து உட்காரச் சொல்லி வெள்ளரிக்காயை ஒடித்து நீட்டினார்கள். அதில் ஒருத்தி தல்சு அண்ணன் காலைப் பார்த்தாள். "அண்ணாச்சி, எங்க சங்கத்துல நீங்க எப்ப சேர்ந்தீங்க?" என்றாள். அபராதமாக ஆளுக்கு ஒரு பெரிய கிண்ணம் மக்கொல்லி குடிக்க வைத்தார்கள். அரிசிக் கள்தான், என்றாலும் வெயிலில் ஏறி வந்தவனுக்கு அது வேறு விதமாக ஏறும். தல்சு அண்ணனைப் பாடவும் வைத்தார்கள். அதோடு என் அட்டவணை செத்தது. பதினொன்று இருபதுக்கு இருக்க வேண்டிய உச்சியில் நாங்கள் நின்றது பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு.

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், இறங்கும்போது நாங்கள் என்ன நிலையில் இருந்தோம் என்று தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. மனம் இளகியிருந்தது. ஊரில் எல்லோர்மேலும் அன்பாக இருந்தது. இரண்டு மணி முப்பது நிமிடத்துக்கு இரும்புப் படிகள் தொடங்கும் இடத்துக்கு வந்தோம். அங்கே ஒரு பாறைமேல் ஓர் அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். தொப்பி, கண்ணாடி, முகத்துணி எல்லாம் போட்டிருந்ததால் அவர் யார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு காலணியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். கூட வந்த சிநேகிதிகள் இரண்டு பேர் முன்னால் போய்விட்டார்களாம். அவர் மேலே பார்க்கவில்லை, கீழே போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையில் பழகியவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும். இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் எழுந்து இறங்கிவிடுவார். எங்களைப் பார்த்து, "இன்னும் எவ்வளவு தூரங்க?" என்று கேட்டார். அந்தக் குரலில் ஏறுகிற ஆசையும் இருந்தது, போதும் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்பதும் இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. (மேலே 'எனக்கு' என்பதை அடித்துவிட்டு 'துக்போவுக்கு' என்று வாசிக்கவும். கை தவறிவிட்டது.) துக்போ முகத்துணியை விலக்காமலே சொன்னான்: "கிட்ட வந்துட்டீங்கம்மா. இதோ, பத்தே நிமிஷம்."

துக்போதான் சொன்னான். இதில் சந்தேகமே வேண்டாம். முப்பது வருடம் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவனுக்கு வேறு எந்த நேரமும் வாயில் வராது. நாலு பேர் காத்திருக்கும்போது உள்ளே எட்டிப் பார்க்கிறவனைப் போகவிடாமல், "உக்காருங்க, பத்தே நிமிஷம்" என்று சொல்லிச் சொல்லியே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவன் அவன். நானோ அரை நிமிடத்துக்கு விளக்கக் கடிதம் வாங்கியவன். இரண்டு பேரில் யார் சொல்லியிருக்கக்கூடும் என்று தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். அந்த அம்மாளின் முகம் எங்களுக்குத் தெரியவில்லை என்றாலும் தோள் நிமிர்ந்தது தெரிந்தது. காலணியை மாட்டிக்கொண்டு எழுந்தார். நன்றி சொல்லி, பையைத் திறந்து ஆளுக்கொரு கமலா ஆரஞ்சு கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பழத்தை வாங்கியதில்தான் எனக்கு வருத்தம். மூவரும் படியிறங்கிக்கொண்டே தின்றோம். இனிப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது, தங்கள் மகள் உன்ஜேவிடம் சொல்லி, உன்ஜே தன் அம்மாவிடம் சொல்லி, அவள் என்னிடம் சொன்னது. அந்த அம்மாள் பத்து நிமிடம் ஏறினார். பிறகு எதிரே வந்தவர்களைக் கேட்டார், அவர்களும் பத்து நிமிடம் என்றார்கள். இன்னொரு திருப்பத்தில் ஒரு கல்லூரிப் பையன் ஐந்து நிமிடம் என்று சொல்லியிருக்கிறான். உச்சியைத் தொட்டபோது மணி நாலு பத்து. இறங்கி வருவதற்குள் கடைசிப் பேருந்து போய்விட்டது. அன்று இரவு வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றியபோது பெருவிரல் நகம் காலுறையோடு வந்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டு என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை.

ஆனால் ஒரு நியாயம் சொல்ல அனுமதியுங்கள். மலையில் 'பத்து நிமிடம்' என்பது கடிகாரத்தைச் சேர்ந்தது இல்லை. தெருவில் பார்ப்பவரை 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கிறோம். சாப்பிடவில்லை என்று ஒருவர் உண்மையைச் சொன்னால் நாம் என்ன செய்வோம், வீட்டுக்கா கூட்டிப் போவோம்? கேட்பது ஒரு மரியாதை. அதுபோலத்தான் இறங்குகிறவன் ஏறுகிறவனுக்குப் 'பத்து நிமிடம்' சொல்வதும். எங்கள் அப்பா காலத்திலிருந்து அந்த மலையில் அது பத்து நிமிடமாகவே இருக்கிறது, ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தங்கள் நில அளவைத் துறையின் கணக்குப்படி அந்தப் பாறையிலிருந்து உச்சிக்கு இரண்டு கிலோமீட்டர் நானூறு மீட்டர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணை அவரிடம் சொல்லியிருந்தால் அவர் எழுந்திருப்பாரா? உச்சியில் நின்று, மேற்கே ஏழு மலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்து கிடப்பதைப் பார்த்திருப்பாரா? அவர் அங்கே அழுதுவிட்டதாக நாகியோங் சொன்னாளாம். நகத்துக்காக அழுதாரா மலைக்காகவா என்று அவள் சொல்லவில்லை. மலைக்காக என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி ஓட்டல். அந்தத் தனி அறையில் எதிரெதிரே முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து, இருபது நிமிடம் சீதோஷ்ணத்தைப் பற்றிப் பேசினோம். மழை போதும் என்றீர்கள், போதும் என்றேன். அம்மையார் வந்ததிலிருந்தே என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்பதுபோல் இருந்தது. லேசாக நொண்டிக்கொண்டு வந்தார். அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விலாக்கறி வரத் தாமதமானது. தாங்கள் கதவைப் பார்த்தீர்கள். விருந்துக்கு அழைத்தவன் என்ற முறையில் நான் சங்கடப்பட்டு, "கிட்ட வந்துருச்சுங்க. இதோ, பத்தே நிமிஷம்" என்றேன். அம்மையார் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு மிகவும் அமைதியாக, "நீங்க எருதுமுதுகு மலைக்குப் போவீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. முழங்கால் வலி. அந்தப் பக்கமே போனதில்ல."

நான் அப்படிச் சொன்னது ஏன் என்று விளக்குகிறேன். நாற்பது வருட நண்பனைச் சம்பந்தி வீட்டார் முன்னால் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. மலையில் கேட்ட குரலும் என் குரலும் ஒன்றுபோல் இருக்கிறதே என்று தாங்கள் கேட்பீர்கள். நீண்ட நாள் சேர்ந்து வாழ்ந்த கணவன் மனைவிக்கு முகச்சாடை ஒன்றாகிவிடுகிறது என்கிறார்கள் இல்லையா, அப்படி நாற்பது வருடம் ஒன்றாகக் குடித்தவர்களுக்குக் குரலும் ஒன்றாகிவிடும். செல்போனில் என் பெயருக்குப் பக்கத்தில் தெரிகிற படத்தில் எருதுமுதுகு உச்சிக்கல்லைக் கட்டிக்கொண்டு ஆரஞ்சு சட்டையில் ஒருவர் நிற்கிறாரே என்றும் நாகியோங் கேட்டாளாம். உச்சிக்கல் எல்லா மலையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முகம் மூடியிருப்பதால் அது நான்தானா என்பதே எனக்கு நிச்சயமில்லை. இதையெல்லாம் தங்களுக்கு எழுதப்போகிறேன் என்று துக்போவிடம் சொல்லி அனுமதியும் வாங்கிவிட்டேன். "எழுதிக்கடா. என் பிள்ளைங்களுக்கெல்லாம் கல்யாணம் முடிஞ்சு போச்சு, இனிமே என் பேரு கெட்டா யாருக்கு என்ன" என்றான். தேவைப்பட்டால் பேரிக்காய்ப் பெட்டியோடு சுன்சோனுக்கு வந்து தங்கள் வாசலில் குனிந்து நிற்கவும் தயார் என்கிறான். செய்தவனுக்குத்தானே அந்த எண்ணம் வரும்.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். உன்ஜே அரசுப் பணித் தேர்வை ஐந்து முறை எழுதியவன். இது தங்களுக்குத் தெரியும். நாலு முறை தோற்றான் என்பதும் தெரியும். ஜன்னல் இல்லாத விடுதி அறை ஒன்றில் கட்டிலும் மேஜையுமாக நாலு வருடம் கிடந்தான். ஒவ்வொரு முறை முடிவு வந்த நாளும் நான் ரயில் ஏறிப் போய், அவனை ஒரு கிண்ணம் சூப் குடிக்க வைத்து, "கிட்ட வந்துட்டேடா. இன்னும் ஒரே ஒரு தடவை" என்று சொல்லிவிட்டு வருவேன். உண்மையில் அவன் எவ்வளவு தூரத்தில் இருந்தான் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது தடவை அவன் மூட்டை கட்டி வைத்திருந்தான். கதவைத் திறந்ததும் அந்த மூட்டைதான் கண்ணில் பட்டது. ஆனாலும் அதையேதான் சொன்னேன். ஐந்தாவது முறை தேறினான். சுன்சோன் நகராட்சி அலுவலகத்தில் வேலை கிடைத்தது, பக்கத்து மேஜையில் தங்கள் மகள் இருந்தாள். நான் அன்று அளந்து பார்த்து உண்மையைச் சொல்லியிருந்தால் இன்று தங்களுக்குக் கடிதம் எழுதும் பாக்கியமே எனக்குக் கிடைத்திருக்காது. இப்போது அதே வார்த்தையால் அவன் கல்யாணம் நிற்கிறது. நான் சொன்னதை, அதாவது துக்போ சொன்னதை, தாங்கள் மன்னிக்க வேண்டும். தண்டனை கொடுப்பதானால் எனக்கு, அதாவது துக்போவுக்கு, கொடுங்கள். பையன் அம்மா அனுப்புகிற ஊறுகாயைக்கூடத் திறக்காமல் வைத்திருக்கிறான்.

குளிர் தொடங்கிவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மையாருக்கு நகம் சீக்கிரம் முளைத்து, தங்கள் இல்லத்தில் எல்லா நலமும் பெருகி, நாகியோங் தீர்க்காயுசோடு இருக்க வேண்டும் என்று என் மனைவியும் நானும் வேண்டிக்கொள்கிறோம். என் மனைவி தங்கள் இருவருக்கும் தன் வணக்கத்தைத் தனியாகச் சொல்லச் சொன்னாள், என் வணக்கத்தோடு சேர்க்க வேண்டாம் என்றாள்.

தங்கள் பணிவுள்ள,
தாக் மான்சிக்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன்ஜே வந்தான். எட்டு நாளுக்குப் பிறகு இன்றுதான். அவன் அம்மா வரச் சொல்லியிருக்கிறாள். கடிதத்தை எடுத்து நின்றபடியே முழுவதும் படித்தான். பிறகு உட்கார்ந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "அப்பா, நீங்க கிட்ட வந்துட்டேன்னு சொன்னதை நான் ஒரு தடவை கூட நம்பல" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதிப்பெண் அவனுக்குத் தெரியுமாம், எவ்வளவு தூரம் என்று அவனுக்கு எப்போதும் தெரியுமாம். அப்படியானால் எதற்குடா மூட்டையைப் பிரித்துவிட்டுத் திரும்பத் திரும்ப எழுதினாய் என்று கேட்டேன். "அரை நிமிஷம் கூட்டிச் சொல்லத் தெரியாத ஆளு நீங்க. எனக்காக ரயில் ஏறி வந்து, மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவ்வளவு பெரிய பொய் சொன்னீங்க. எழுதாம இருக்க மனசு வரலப்பா" என்றான். அவன் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். எனக்கும் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

அம்மையாரும் பாறையில் என்னை நம்பவில்லையாம். இருபது வருடமாக மலை ஏறுகிறவராம், இறங்கும்போது எதிரே வருகிறவர்களுக்கு அவரும் பத்து நிமிடம்தான் சொல்வாராம். அவருடைய கோபம் அதற்கில்லை என்று உன்ஜே சொன்னான். "மலைல நீங்க சொன்னது அவங்களுக்காக. ஓட்டல்ல சொன்னது உங்களுக்காக. அதுக்குத்தான்ப்பா அவங்களுக்கு வருத்தம்."

ஆகவே சம்பந்தி, மேலே உள்ள பக்கங்களை இன்னும் படிக்கவில்லை என்றால் படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் துக்போ வாய் திறக்கும் இடத்திலெல்லாம் அவனை எடுத்துவிட்டு என்னைப் போட்டுக்கொள்ளுங்கள். அவன் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை, வாயில் முட்டை இருந்தது. அம்மையாரிடம் இந்தப் பகுதியைத் தாங்களே வாசித்துக் காட்ட வேண்டும். உச்சிக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். ஓட்டலில் அவர் கேட்டபோது, உண்மையைச் சொன்னால் இந்தச் சம்பந்தம் போய்விடும் என்று பயந்துவிட்டேன். மலையில் பேசியது நான். மேஜையில் இல்லை என்றதும் நான். என் பையன் இரண்டிலும் இல்லை. தேதியை அவனைப் பார்த்துக் குறியுங்கள்.